புனு இழுத்த தீவு

மச்சானிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்பதைவிட, மச்சான் குடியிருக்கும் தீவையே கயிறு கட்டி இழுத்து வருவது லேசு என்று நினைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார், அவர் கிசாவேத் தீவின் ஆமைக்காரர் புனு. நினைத்ததோடு நின்றிருந்தால் அவருக்கு ஒரு கதை இருந்திருக்காது, அவர் இழுத்தும் விட்டார்.

சோமாலியா முடிந்து கென்யா தொடங்கும் கடலோரத்தில், அவல் தின்றுகொண்டே போன யாரோ மடியிலிருந்து சிந்திவிட்டது போலச் சின்னச் சின்னத் தீவுகள் கிடக்கின்றன, அவற்றில் பஜூனிகள் இருக்கிறார்கள், சுவாஹிலியைத் தங்களுக்கென்று ஒரு திருப்புத் திருப்பிப் பேசுகிறவர்கள். வடக்கே போனால் நீங்கள் தெற்கத்தி ஆட்கள் என்பார்கள், தெற்கே போனால் நீங்கள் வடக்கத்தி ஆட்கள் என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய், நாங்கள் பஜூனிகள் என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அவர்கள் பாயை விரித்துக் கடலுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தீவுகளில் இரண்டுதான் கிசாவேயும் உவாம்பியும். நடுவே ஒரு கால்வாய், பாய் விரித்த தோணி ஒரு தொழுகைக்கும் அடுத்த தொழுகைக்கும் நடுவே கடந்துவிடக்கூடிய தூரம்.

புனு ஆமை பிடித்தது வலையாலும் இல்லை, ஈட்டியாலும் இல்லை, மீனால். தலை உச்சியில் செருப்பின் அடிப்பக்கம் போல வரிவரியாய் ஒரு தட்டு வைத்த ஒட்டுமீன் அது, தாசா என்று பெயர். வாலில் கயிறு கட்டி ஆமை தெரியும் இடத்தில் விட்டால், அது போய் ஆமை ஓட்டில் தலையை அப்பிக்கொள்ளும், பிறகு கயிற்றை இழுத்தால் மீனோடு ஆமையும் வரும். தாசாவுக்கு ஒரு குணம்: பின்னால் இழுக்க இழுக்க இறுகும், விடுவிக்க வேண்டுமானால் பக்கத்தில் போய், உள்ளங்கையை வைத்து, முன்பக்கமாகத் தள்ள வேண்டும். புனுவுக்கும் அதே குணம் என்றும், முன்பக்கமாகத் தள்ளுவதற்கு அவருக்கு ஓர் உள்ளங்கைதான் அமையவில்லை என்றும் அவர் மனைவி தீமா தண்ணீர் எடுக்கும் இடத்தில் சொல்வாள், பெண்கள் குடம் வழிவது தெரியாமல் சிரிப்பார்கள்.

புனுவின் மச்சான் ஷேகுவே உவாம்பித் தீவுக்காரர், புனுவின் ஒரே தங்கை மாக்காவைக் கட்டியவர், ஒரு காலத்தில் அதே தோணியில் புனுவுக்குக் கூட்டாளி. தாசா தெரிந்துவைத்திருந்தது இரண்டு கைகளைத்தான், ஒன்று புனுவின் கை, இன்னொன்று ஷேகுவேயின் கை. மீனைத் தண்ணீரில் விட்டதும் தோணியில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, மீனுக்கு உரியவர் மட்டும் அதனிடம், போடா தங்கமே, பெரிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வா என்று சொல்லலாம், அதுதான் முறை. ஒரு நாள், தோணியைவிட அகலமான ஓர் ஆமையை நோக்கித் தாசா போய்க்கொண்டிருந்தபோது ஷேகுவே இருமிவிட்டார். ஆமை போய்விட்டது.

"வேணும்னே இருமினே," என்றார் புனு.

"இருமலை யாராவது வேணும்னு இருமுவாங்களா மச்சான்? வேணும்னு இருமினா இப்படி இருக்கும், பாரு," என்று ஷேகுவே ஒரு தடவை இருமிக் காட்டினார்.

அந்த இரண்டாவது இருமலைத்தான் புனுவால் மன்னிக்க முடியவில்லை. முதலாவது நோயாக இருக்கலாம், இரண்டாவது நக்கல். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சனம் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பள்ளிவாசல் படியில் நின்று, இனி என் கால் உவாம்பி மண்ணிலோ பாறையிலோ படுமானால் என் தாசா அன்றோடு ஒட்டுவதை மறக்கட்டும் என்று ஆணையிட்டார். மாக்காவின் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தபோது அவர் போகவில்லை. சுன்னத்துக்குப் போகவில்லை. மாக்கா ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு சட்டிச் சோற்றைத் துணியில் கட்டித் தோணியில் அனுப்புவாள், வந்து சேரும்போது அது ஆறிக் கட்டிதட்டியிருக்கும், புனு அதைத் தீமாவுக்குக்கூடக் கொடுக்காமல் முழுவதையும் தின்றுவிட்டு, சட்டியை மட்டும் பதில் பேச்சில்லாமல் திருப்பி அனுப்புவார்.

வருஷங்கள் கழித்து ஒரு காலையில் அவர் தனியாகக் கால்வாயில் ஆமை துரத்தினார். ஆமை உவாம்பிப் பாறையின் அடிவயிற்றுக்குள் புகுந்தது. தாசா பின்னாலேயே போனது, இருட்டில் பெரிதாய், வழுவழுப்பாய், வளைவாய் ஒன்று தட்டுப்பட்டது, ஆமை ஓடு என்று நினைத்து முழுப் பலத்தோடு ஒட்டிக்கொண்டது. அது உவாம்பித் தீவு.

புனு இழுத்தார், வரவில்லை. கயிறு முழுவதையும் விட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, கரையிலிருந்த பெருக்கமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினார். மறுநாள் விடியலில் வந்து பார்த்தால் கயிறு தொய்ந்திருந்தது. தொய்வைச் சுற்றிவிட்டு மறுபடி இழுத்தார். அது எப்படி நகர்ந்தது என்று கேட்பவர்கள் கடலைப் பார்க்காதவர்கள். ஈரக் கயிறு காய்ந்தால் சுருங்கும், புனு போன்றவர்கள் காய்ந்தால் இன்னும் சுருங்குவார்கள், அவ்வளவுதான் அந்த ஊரில் சொன்ன விளக்கம்.

தினமும் தோணியில் போய், மென்ற சாளையை விரலில் வைத்து மீனுக்கு ஊட்டிவிட்டு வந்தார். அப்படியே தள்ளிவிட்டு வர வேண்டியதுதானே என்றால், தோணியிலிருந்து தள்ளினால் தோணிதான் பின்னால் போகிறது, நீந்திக்கொண்டு தள்ளினால் ஆள்தான் பின்னால் போகிறார். காலை எங்காவது ஊன்றித் தள்ள வேண்டும், அங்கே ஊன்றுவதற்கு இருந்ததெல்லாம் உவாம்பிப் பாறை. ஊன்றினால் ஆணை முறியும், ஆணை முறிந்தால் தாசா ஒட்டை மறக்கும், ஒட்டை மறந்த தாசாவைக் குழம்புதான் வைக்க வேண்டும்.

ஷேகுவே பாறைமேல் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். "என் கைக்கு அது வரும் மச்சான். ஒரு வார்த்தை கேளு, தள்ளிவிடுறேன்."

புனு தோணியில் இருந்த சாளைகளைப் பார்த்து, "இன்னிக்கிக் காத்து அதிகமா இருக்கு, ஏதோ சத்தம் வருது," என்பார்.

"ஒரு வார்த்தை! 'தள்ளு', அவ்வளவுதான். 'தயவுசெய்து' கூட வேணாம்."

"காத்து ரொம்பத்தான் அடிக்குது," என்று புனு துடுப்பைப் போடுவார்.

அவர் மனசில் இருந்த திட்டத்தைத் தீமாவிடம் மட்டும் சொன்னார்: தீவை முழுக்க இழுத்துவிட்டால், கிசாவேப் பாறையிலேயே படுத்துக்கொண்டு, காலைச் சொந்த ஊரில் ஊன்றிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிச் செல்ல மீனை எடுத்துக்கொள்ளலாம். ஆணை காலுக்குத்தான், கைக்கு இல்லை. தீமா கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு புது லேசோவை எடுத்து உடுத்திக்கொண்டாள். லேசோ என்பது அந்தக் கரைப் பெண்கள் இடுப்புக்கும் தலைக்கும் கட்டும் துணி, விளிம்பில் ஒரு வாசகம் அச்சடித்திருக்கும், வாயால் சொல்ல முடியாததை அதை உடுத்திச் சொல்லிவிடுவார்கள். தீமா உடுத்தியதில் 'கேட்ட வாய் தேயாது' என்று இருந்தது. புனு கயிறு இழுக்கும் நேரம் பார்த்து அவள் அந்தப் பக்கமாக விறகு பொறுக்கப் போனாள், விறகே இல்லாத பக்கம்.

தீவு வரத் தொடங்கியதை முதலில் கண்டவர் கால்வாயில் தோணி விடும் ஃபாமாவ். கிளம்பும்போது ஒரு கதையைத் தொடங்கி இறங்கும்போது முடிப்பது அவர் வழக்கம், இப்போது கதையில் ஜின்னின் மகள் கிணற்றில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரை வந்துவிட்டது. பயணிகள் இறங்க மறுத்தார்கள், பாதிக் கதைக்கு யார் தோணி ஏறுவது என்றார்கள்; ஃபாமாவ் வேறு வழியில்லாமல் கதை முடியும்வரை தீவைச் சுற்றிச் சுற்றி வந்தார். உவாம்பியில் விடியற்காலையில் தேநீர்க் குவளைகள் கிழக்கே சாய்ந்தன, இழுக்கும் திசைக்கு எதிர்த் திசையில். வீட்டுப் பெண்கள் குவளையை முக்கால் மட்டும் ஊற்றப் பழகிக்கொண்டார்கள். தொழுகையில் நெற்றி தரைபடும் ஸுஜூதிலிருந்து எழும்போது எல்லாரும் ஒரே பக்கம் லேசாகத் தள்ளாடினார்கள், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அது இந்த ஊர் முறை என்று நினைத்து அதையும் செய்துவிட்டுப் போனார்.

பிறகு சேவல்கள் ஒன்றையொன்று கேட்டன. பிறகு பெண்களுக்கு எதிர்க்கரை லேசோவின் நிறம் தெரிந்தது, பிறகு பூ தெரிந்தது, பிறகு ஒரு நாள் எழுத்துத் தெரிந்தது. அன்றோடு இரண்டு தீவிலும் வேலை நின்றது. கிசாவேக் கரையில் ஒருத்தி 'உன் வாசலைக் கூட்டு' என்று நடந்தால், மறுநாள் உவாம்பிக் கரையில் ஒருத்தி 'உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு மிளகாய்' என்று நடந்தாள். கோபத்தில் தொடங்கிய நடை, ஒரு மாசத்தில், அந்தப் பூப்போட்ட லேசோ எங்கே வாங்கினாய் என்று கூவிக் கேட்பதில் முடிந்தது.

நோன்புப் பெருநாள் வந்தது. ஆதிகாலம் முதல் உவாம்பிக்காரர்கள் ஒரு நாள் முந்திப் பிறை கண்டுவிடுவார்கள், கிசாவேப் பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் கத்தீபு அதை ஒப்புக்கொண்டதே இல்லை. இந்த முறை உவாம்பி பெருநாள் கொண்டாடிய காலையில், கிசாவே வறண்ட நாக்கோடு நோன்பிலிருந்தபோது, கால்வாய்க்கு அந்தப் பக்கம் சட்டி மூடியைத் திறந்தார்கள். பிலாவ் சோற்றின் வாசனை பள்ளிவாசல்வரை வந்தது. கத்தீபு நெடுநேரம் யோசித்து, நேற்று மேகத்துக்குப் பின்னால் ஏதோ மினுங்கியது போலத் தனக்கும் இருந்தது என்றார். சனம் ஓடிய ஓட்டத்தில் சிலருக்குச் செருப்பு மாறிப்போனது.

பெருநிலத்திலிருந்து ஓர் அதிகாரி விசைப்படகில் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், தீவைப் பார்த்தார், வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் புனுவைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவரே, வரைபடத்தை மாத்தணும்னா மேலிடம் வரைக்கும் போகணும். நீங்க தீவைத் திரும்பத் தள்ளிட முடியுமா? அது சுலபம்," என்றார்.

"தள்ளுறது என் வழக்கம் இல்லை," என்றார் புனு.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் வந்து இழுக்க முடியாமல் கிடந்தார், கயிறு மரத்தில் வழுக்கித் தளர்ந்தது, உவாம்பி கட்டவிழ்ந்த தோணி போல மெல்ல வந்த வழியே திரும்பத் தொடங்கிவிட்டது. அன்றுதான் ஊருக்கு விளங்கியது: மீன் பிடித்திருக்கும்வரைதான் தீவு இங்கே, மீன் விட்டால் அது தன் பழைய இடத்துக்கே போய்விடும். புனு போர்வையோடு எழுந்து வந்து இழுத்துக் கட்டினார், என் மீனுக்காக என்று முணுமுணுத்துக்கொண்டே.

கால்வாய் கடைசியில் வாய்க்காலாகி, வாய்க்கால் ஒரு பலகை போடும் அளவுக்கு வந்தது. பலகையும் போட்டார்கள். உவாம்பியின் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்தப் பெண்கள் இப்போது கிசாவேக் கிணற்றில் இறைத்தார்கள். கிசாவேப் பெண் ஒருத்திக்கும் உவாம்பிப் பையன் ஒருவனுக்கும் நிக்காஹ் நடந்தது, மாப்பிள்ளை தோணி ஏறாமலே ஊர்வலம் வந்த முதல் கல்யாணம் அதுதான் என்றார்கள். மாக்கா தினமும் அண்ணனைப் பார்க்கப் பலகை தாண்டி வந்தாள். சோற்றுச் சட்டி ஆவி பறக்கவே வந்தது. புனு அவளிடம் பேசினார், அவள் புருஷன் இருமல் இப்போது எப்படி என்று மட்டும் கேட்கவில்லை.

"எங்க வீட்டுக்கு ஒரு நாள் வாயேன் காக்கா. பலகைமேலேயே நில்லு, இறங்க வேணாம். சின்னவன் உன்னை மாதிரியே முறைக்கிறான், வந்து பாரேன்."

"பலகையோட அந்த நுனி எதுமேல இருக்கு?"

"பாறைமேல."

"எந்த ஊருப் பாறை?"

மாக்கா சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காலையும் வந்தது. தண்ணீர் வற்றிய நேரம், இரண்டு பாறைக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி, கீழே முழங்கை ஆழத்தில் தாசா வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு பிடி இழுத்தால் மீன் நடுவில் நசுங்கும். இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை, கை எட்டும். புனு அறிவித்துவிட்டார், இன்று என் மீனை எடுக்கிறேன்.

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் அவருடையது, தாசாவை வைத்திருப்பவரிடம் அதை விட்டுக்கொடு என்று கேட்பது, பிள்ளையை விட்டுக்கொடு என்று கேட்பது போல, பஜூனிகள் கேட்க மாட்டார்கள். ஆகவே ஊர் பயணத்துக்குத் தயாரானது. உவாம்பியில் ஆடுகளைக் கட்டினார்கள், தேநீரை அரைக் குவளையாக்கினார்கள். கிணற்றடியில் எல்லாக் குடங்களையும் நிரப்பிக்கொண்டு பெண்கள் பலகை தாண்டினார்கள். புதுமணப்பெண் தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு புருஷன் கரைக்குப் போய் நின்று அங்கேயும் அழுதாள். இரண்டு கத்தீபுகளும் ஸலாம் சொல்லிப் பிரிந்தார்கள், அடுத்த பிறையைத் தனித்தனியே பார்ப்பதென்று. கடைசியாகப் பலகையை எடுத்தார்கள்.

புனு கிசாவேப் பாறையில் குப்புறப் படுத்து, கால் விரல்களைச் சொந்த ஊர்ப் பாறையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, கையைத் தண்ணீரில் விட்டார். நேர் எதிரே, முகத்துக்கு முகம், ஷேகுவே குந்தியிருந்தார். அவருக்கும் தாடி நரைத்திருந்தது. தூரத்தில் பார்த்தபோது அது வெயில் என்று புனு நினைத்திருந்தார்.

"ஜெயிச்சுட்டே மச்சான்," என்றார் ஷேகுவே. "ஒரு வார்த்தை கேக்கல. கால் வைக்கல. தள்ளு, நாங்க போறோம். அங்கே எங்களுக்கு நல்ல காத்து இருந்துச்சு."

புனு கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். உள்ளங்கையை மீனின் நெற்றியில் வைத்தார். அது கையை அறிந்து வாலை ஒருமுறை ஆட்டியது. ஒரு கட்டைவிரல் அளவு முன்னால் தள்ளினால் போதும். ஷேகுவேயின் பின்னால் மாக்கா நின்றாள், இடுப்பில் முறைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை. அவள் கண் ஈரமில்லை. அவள் அந்தப் பக்கம் நிற்க வேண்டியவள், நின்றாள்.

"சீக்கிரம் தள்ளு காக்கா. அடுப்புல சட்டி இருக்கு."

"என்ன சட்டி?"

"தேங்காய்ப்பால் சோறு. மேலே வறுத்த சாளை."

"வெந்துடுச்சா?"

"இப்பத்தான் தண்ணி வத்துது. போய்ச் சேர்ந்ததும் இறக்கி, அடுத்த தோணியில அனுப்புறேன்."

அடுத்த தோணி. புனு தண்ணீருக்குள் கையை வைத்தபடியே கிடந்தார். அலை வந்து தாடியை நனைத்தது, போனது. கிசாவேக் கரை முழுவதும் மூச்சைப் பிடித்தது, உவாம்பிக் கரை முழுவதும் எதையாவது கெட்டியாகப் பிடித்தது. தீமா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

புனு கையை வெளியே எடுத்தார். வெறுங்கை.

"தூங்குது," என்றார்.

"என்னது?" என்றார் ஷேகுவே.

புனு அவரைப் பார்க்காமல், ஊருக்குப் பொதுவாகச் சொன்னார்: "மீன் தூங்குது. தூங்குற உயிரை எழுப்புறது பாவம். முழிக்கட்டும், எடுத்துக்குறேன்."

மீன் தூங்குமா என்று அந்த இரண்டு தீவிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை, பிறந்ததிலிருந்து மீனோடு கிடக்கிறவர்கள். கத்தீபுகள் இருவரும், ஆமாம், பாவம்தான் என்று முதல் தடவையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். யாரோ பலகையைத் திரும்பப் போட்டார்கள். மாக்கா ஓடிப்போய்ச் சட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள், புனு படுத்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்து, விரல் சுடச்சுட, ஊதி ஊதித் தின்றார். ஷேகுவே பக்கம் அவர் திரும்பவில்லை, இன்றும் திரும்புவதில்லை, அந்த இரண்டாவது இருமல் அப்படியே இருக்கிறது.

தினமும் காலையில் வருகிறார், பாறையில் குப்புறப் படுக்கிறார், தாசாவுக்கு மென்ற சாளையை ஊட்டுகிறார், கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார், எதிர்க்கரையிலிருந்து மச்சான், முழிச்சிருச்சா என்று குரல் வந்தால் காற்று அதிகம் என்கிறார். மீன் தூக்கத்திலேயே நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாகக் கொழுத்தும்விட்டது. இதுவரை அது விழிக்கவில்லை.